கணினி மெதுவான ஞாயிற்றுக்கிழமைகள்

போன வருடம் தென்மேற்கிலிருந்து சோளகக் காற்று எழும்பிய காலத்தில் என் கணினி மெதுவாகத் தொடங்கியது. கடிதம் அடித்தால், பத்திரிகை வாசித்தால், அதில் ஒரு குறையும் தெரியாது. படங்களைத் திருத்தும்போதுதான் அது படுத்துக்கொண்டது. நிழலில் கிடக்கும் ஒரு மூலையைக் கொஞ்சம் வெளிச்சமாக்கச் சொன்னால், அதற்குக் கேட்டதா இல்லையா என்று தெரியாமல் நான் கதிரையில் இருந்து காத்திருப்பேன். படம் முதலில் மங்கும், பிறகு கட்டம் கட்டமாக உடையும், பிறகு மெல்லத் தெளியும். அதற்குள், எதற்காக அந்த மூலையை வெளிச்சமாக்க நினைத்தேன் என்பதே எனக்கு மறந்துவிடும்.

கணினியைப் பற்றி முறையிட நான் இதை எழுத உட்காரவில்லை. அதைத் திருத்துகிறேன் என்று நான் செய்த ஒரு காரியத்தால் என் மனைவிக்கும் அவளுடைய தமக்கைக்கும் இடையில் மிச்சமாக இருந்த கொஞ்சக் காலம் வீணாகப் போயிற்று. அதை எழுதிவைக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

நான் பௌதிகம் படிப்பித்து ஓய்வுபெற்றவன். சரவணையில், கடலுக்குக் கிட்டவான வீடு. இளைப்பாறிய பிறகு மகன் வெளிநாட்டிலிருந்து வந்தபோது தான் பாவித்த நல்ல கமரா ஒன்றை விட்டுவிட்டுப் போனான். அதை வைத்துக்கொண்டு புங்குடுதீவுப் பக்கம் போய் ஆளில்லாத வீடுகளைப் படம் எடுக்கத் தொடங்கினேன். கதவு நிலை மட்டும் நிற்கும் வீடு, கூரை போய் முற்றம் உள்ளே வந்துவிட்ட வீடு, யாரோ கணக்காகப் பூட்டிவிட்டுப் போன பூட்டு இன்னும் தொங்கும் வீடு. இப்படியான இடங்களில் படம் எடுப்பதில் ஒரு சிக்கல் உண்டு. உள்ளே இருட்டு, வாசலுக்கு வெளியே கண்ணைக் குத்தும் வெயில். சாதாரணமாக எடுத்தால் ஒன்றில் உள்ளே கரியாகிவிடும், அல்லது வெளியே வெளுத்துவிடும். ஆகவே ‘ரோ’ என்று சொல்லப்படும் முறையில் எடுப்பேன். கமரா கண்டதை எல்லாம் ஒன்றும் குறைக்காமல், சமைக்காத அரிசி போல அப்படியே தந்துவிடும். பிறகு கணினியில் இருந்து நாங்கள்தான் பதம் பார்த்து ஆக்க வேண்டும். இருட்டுக்குள் இருக்கும் சுவர் அலுமாரியையும் வெளியே நிற்கும் பூவரசையும் ஒரே படத்தில் கொண்டுவரலாம். ஆனால் கோப்புகள் பெரியவை. கணினி நன்றாக உழைக்க வேண்டும்.

வெளிநாட்டில் இருக்கும் எங்கள் பக்கத்து ஆட்களின் சங்கம் ஒன்று இந்தப் படங்களைக் கேள்விப்பட்டு, அடுத்த வருட நாட்காட்டிக்குத் தரமுடியுமா என்று கேட்டது. நான் முழு நாட்காட்டியும் என்னுடையது என்றே எடுத்துக்கொண்டேன். வயது போனவனுக்குக் கிடைக்கும் மரியாதை கொஞ்சம் பொல்லாதது. யாரும் கேட்காத வேகத்தில் அதற்காக ஓடச் சொல்லும்.

என் மனைவியின் ஊர் இறுப்பிட்டி. தாய் சின்ன வயதிலேயே போய்விட்டதால் தமக்கைதான் அவளை வளர்த்தவர். தலை இழுத்துப் பின்னிவிட்டது, பள்ளிக்கூடம் கூட்டிக்கொண்டு போனது, பிறகு அந்தப் பள்ளிக்கூடத்துக்குப் புதிதாகப் படிப்பிக்க வந்த என்னைப் பார்த்து விசாரித்துக் கலியாணம் பேசியது, எல்லாம் அவர்தான். எனக்கு மச்சாள். என்னை அன்று கூப்பிட்டது போலவே கடைசிவரை ‘மாஸ்டர்’ என்றுதான் கூப்பிடுவார். யுத்தப் பிரச்சினைக் காலத்தில் குடும்பத்தோடு பிரான்சுக்குப் போனவர் ஒரே ஒரு முறைதான் வந்து போனார். இப்போது அவருடைய ஞாபகம் கரைந்துகொண்டிருக்கிறது. மகளோடு இருக்கிறார். அந்தப் பெறாமகள் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பின்நேரம் எங்களைக் கணினியில் கூப்பிட்டுத் தாயை முன்னால் இருத்துவாள்.

கணினியில் கூப்பிட்டதற்குக் காரணம் உண்டு. மனைவிக்குச் சலரோகம் என்ற நீரிழிவால் கண் பழுதுபட்டுவிட்டது. பார்வையின் நடுவில் எப்போதும் ஒரு புகைமூட்டம். கைபேசியில் தெரியும் முகம் அவளுக்குப் புளியங்கொட்டை அளவு. என்னுடைய பெரிய திரைக்கு முன்னால், மூக்கு முட்டுகிற தூரத்தில் இருந்தால் ஓரக்கண்ணால் தமக்கையின் முகம் பிடிபடும். அவளுடைய முகமும் அங்கே ஒழுங்காகத் தெரியும். மச்சாள் மற்றப் பெயர்களை எல்லாம் மாற்றிச் சொன்னாலும் அந்தத் திரையில் அவளைக் கண்டவுடன் “தங்கச்சி” என்பார். பிறகு கேட்டதையே திரும்பத் திரும்பக் கேட்பார். கிணற்றில் தண்ணீர் நிற்கிறதா, சாப்பிட்டாயா, எண்ணெய் வைத்தாயா. மனைவி ஒவ்வொரு முறையும் முதல் முறை கேட்டது போலவே பதில் சொல்லுவாள்.

கணினி மெதுவான கதைக்கு வருகிறேன். முதலில் மெமரி போதாது என்று நினைத்து யாழ்ப்பாணம் போய் வாங்கிவந்து நானே திறந்து பூட்டினேன். ஒரு மாற்றமும் இல்லை. பிறகு பழைய படங்களை எல்லாம் வேறு டிஸ்குக்கு ஏற்றி இடத்தைக் காலியாக்கினேன். வைரஸ் பார்க்கும் மென்பொருளை நிறுத்தினேன். படத்தைச் சின்னதாகக் காட்டச் சொல்லிப் பார்த்தேன். ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் ஒரே படத்தைத் திறந்து, ஒரே மூலையை வெளிச்சமாக்கி, எவ்வளவு நேரம் எடுக்கிறது என்று பார்த்தேன். ஆய்வுகூடத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த ஒழுங்குதான். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று, மற்றதைத் தொடாதே.

அப்படிப் பார்த்ததில் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை மனைவி தமக்கையோடு கதைத்து முடித்து எழும்பிய கையோடு நான் போய் இருந்தால் கணினி ஆகவும் மோசமாக இருக்கும். மற்ற நாட்களில் தொடக்கத்தில் பரவாயில்லாமல் ஓடி, போகப்போகத்தான் தளரும். இதிலிருந்து நான் எடுத்த முடிவு, பேசுவதற்காக ஏற்றிய அந்த மென்பொருள்தான் கணினியைக் கெடுக்கிறது என்பது. மற்ற நாட்களில் ஏன் போகப்போகத் தளர்கிறது என்ற கேள்வியை நான் கேட்கவே இல்லை. பிடித்த விடை கிடைத்தால் மிச்சக் கேள்விகளை விட்டுவிடுகிற மாணவர்களை எத்தனை பேரைத் திட்டியிருப்பேன்.

உண்மையான காரணம் என் கண்ணுக்கு முன்னாலேயே நின்றது. இந்தப் பக்கத்து வீடுகளில் இரும்பு என்று ஒன்று நிலைக்காது. காற்று உப்பைக் கொண்டுவந்து எல்லாவற்றிலும் பூசும். முந்திய கணினி அப்படித்தான் செத்தது. திறந்தபோது உள்ளே பழைய வள்ளத்து ஆணி மாதிரித் துருப்பிடித்துக் கிடந்தது. ஆகவே புதியதை வாங்கியவுடன் தடித்த ரெக்சினில் ஒரு உறை தைத்துத் தரும்படி மனைவியிடம் சொன்னேன். அவள் கண் தெரியாவிட்டாலும் கையால் தடவித் தடவி அழகாகத் தைத்துத் தந்தாள். மேசைக்குக் கீழே நிற்கும் கணினிப் பெட்டியின் தலையிலிருந்து கால்வரை கச்சிதமாக இறங்கும். வயர் போக மட்டும் பின்னால் ஒரு கீறல். அதன் ஓரங்களையும் நானே டேப் ஒட்டி அடைத்தேன். சோளகம் தொடங்கியதும் அதைப் போட்டால் வேலை செய்யும்போதும் கழற்றமாட்டேன். உப்புக்குப் பயந்த எனக்குச் சூட்டைப் பற்றிய நினைவே வரவில்லை. தாங்கமுடியாத அளவுக்குச் சூடேறினால், எரிந்துபோகாமல் இருக்கக் கணினி தானாகவே தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அது செய்தது அவ்வளவுதான்.

மனைவி சொன்னாள். அதை மறைக்கக்கூடாது. திரைக்கு முன்னால் இருக்கும்போது பெட்டி அவளுடைய முழங்காலோடு நிற்கும்.

“இஞ்சருங்கோ, இந்தப் பெட்டி சுடுது. அடுப்படியில இருக்கிற மாதிரிக் கிடக்கு,” என்றாள்.

நான் எழும்பிவந்து உறைக்கு மேலால் கையை வைத்துப் பார்த்தேன். வெதுவெதுப்புத்தான் தெரிந்தது.

“உமக்குச் சலரோகம். காலில எரிவு இருக்கும்,” என்றேன். “கொம்பியூட்டரைப் பற்றி நீர் எனக்குப் படிப்பிக்க வேண்டாம்.”

“நான் ஏன் படிப்பிக்கிறன். படிப்பிச்ச ஆள் நீங்கள்,” என்று சொல்லிவிட்டு அவள் முழங்காலைத் தள்ளி வைத்துக்கொண்டாள்.

வெப்பத்தைக் கடத்தாத பொருளுக்கு வெளியே கையை வைத்து உள்ளே சூடில்லை என்று சொன்னவன் பௌதிக ஆசிரியன்.

ஆவணி மாதம் அந்த மென்பொருளைக் கணினியிலிருந்து எடுத்துவிட்டேன். நாட்காட்டி வேலை முடியும்வரை கைபேசியில் கதைக்கும்படி மனைவிக்குச் சொன்னேன். அதில் தனக்கு முகம் தெரியாது என்றாள். குரல் கேட்கும்தானே என்றேன். அடுத்த ஞாயிறு கணினி கொஞ்சம் சுறுசுறுப்பாகவே ஓடியது. முன்கூட்டியே சூடாகாமல் இருந்தால் ஓடத்தானே செய்யும். நான் அதை என் முடிவுக்குக் கிடைத்த நிரூபணமாக எடுத்துக்கொண்டேன்.

மனைவி குசினி வாசலில் இருந்து கைபேசியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கதைப்பாள். எங்கே பிடிக்க வேண்டும் என்று அவளுக்குத் தெரியாது. மச்சாளுக்கு எங்கள் வீட்டுக் கூரை ஓடும், சில நேரம் இவளுடைய ஒரு காதும்தான் தெரிந்திருக்கும். பெறாமகள் அங்கிருந்து “கொஞ்சம் கீழ பிடியுங்கோ சின்னம்மா, இன்னும் கீழ” என்று சொல்லிக் களைத்துவிடுவாள். முகம் தெரியாத குரலை மச்சாள் நம்பவில்லை. யாரோ எதையோ விற்க எடுக்கிறார்கள் என்று நினைத்துப் போனைத் தள்ளிவிடுவார். பிறகு மகளிடம், தங்கச்சி எங்கே, ஏன் இப்போது வருவதில்லை, கோபமா என்று கேட்பார். அதையும் பெறாமகள் சொல்ல, இவள் கைபேசிக்குள் “இல்லை அக்கா, கோபமில்லை அக்கா” என்று உரத்துச் சொல்வது எனக்கு அறைக்குள் கேட்கும். எழும்பிப் போய் அந்தக் கைபேசியைப் பிடித்துக்கொடுத்திருக்கலாம். ஒரு படத்துக்கு நடுவில் எழும்ப மனம் வரவில்லை.

நவராத்திரி வந்தது. எங்கள் வீட்டில் சரஸ்வதி பூசைக்குப் புத்தகங்களோடு தொழில் சாமான்களையும் துடைத்துப் பொட்டு வைப்பது வழக்கம். அந்த வருடம் மனைவி என் கணினியையும் சேர்த்துக்கொண்டாள். உறையைக் கழற்றித் தோய்த்துக் கொடியில் போட்டாள். பெட்டியின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் வைத்தாள். பூசை முடிந்தபிறகும் அன்று எதையும் தொடக்கூடாது என்று சொன்னாள். நான் பொறுக்கமுடியாமல் பின்நேரம் போய் இருந்தேன்.

படம் திறந்தது. நிழலை வெளிச்சமாக்கினேன், உடனே வெளிச்சமானது. இன்னொரு படம். இன்னொன்று. வாசலில் கூரை போட்ட சங்கடப் படலையோடு இருக்கும் ஒரு வீட்டை எடுத்து எல்லா மூலையையும் ஒவ்வொன்றாகப் பார்த்தேன், ஒன்றுக்கும் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. பெட்டியின் பின்பக்கம் கையை வைத்தேன். சுடுகாற்று தாராளமாக வந்துகொண்டிருந்தது. வெளியே கொடியில் உறை ஆடிக்கொண்டிருந்தது. எனக்கு உடனேயே விளங்கிவிட்டது. ஆனாலும் அடுத்த நாள் உறையைப் போட்டு ஒருமுறை, கழற்றி ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். சந்தேகமே இல்லை.

அதுவரை நான் செய்தது பிழை. அதற்குப் பிறகு செய்ததற்கு அந்தச் சொல் போதாது.

அன்றைக்கே அந்த மென்பொருளைத் திரும்ப ஏற்றியிருக்கலாம். அதற்குச் சில நிமிடங்கள்தான் தேவை. ஆனால் ஏற்றினால் காரணம் சொல்ல வேண்டிவரும். சுடுகிறது என்று அவள் சொன்னதும், காலில் எரிவு என்று நான் சொன்னதும் மேலே வரும். அதைவிட, யாரும் குறுக்கிடாத ஞாயிற்றுக்கிழமைப் பின்நேரங்கள் எனக்குப் பழகிப்போயிருந்தன. படங்கள் வேகமாக முடிந்துகொண்டிருந்தன. இன்னும் கொஞ்ச நாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மனைவி காய்ந்த உறையைக் கொண்டுவந்து பெட்டிக்குப் பக்குவமாகப் போட்டுவிட்டாள். நான் வேலை தொடங்க முன்னர் அறைக் கதவைச் சாத்திவிட்டு அதைக் கழற்றுவேன். முடிந்ததும் திரும்பப் போட்டுவிட்டுக் கதவைத் திறப்பேன். எழுபது தாண்டிய மனிதன், கண் தெரியாத ஒரு பெண்ணுக்கு ஒளித்து.

படங்களை அனுப்பி முடிக்கக் கார்த்திகை பிறந்துவிட்டது. சங்கம் அவற்றில் இரண்டைப் போட்டது. மற்ற மாதங்களுக்கு வேறு ஆட்கள் கைபேசியில் எடுத்தவை. அவையும் நன்றாகத்தான் இருந்தன.

படங்கள் போன பிறகு மென்பொருளை ஏற்றினேன். கணினியைத் திருத்தியாயிற்று என்று மட்டும் மனைவியிடம் சொன்னேன். அந்த ஞாயிறு அவள் குளித்து, நல்ல சேலை உடுத்து, நேரத்தோடே வந்து திரைக்கு முன்னால் இருந்தாள். நான் பின்னால் நின்றேன். மச்சாள் திரையில் வந்தார். மெலிந்திருந்தார். மனைவியை நெடுநேரம் பார்த்துவிட்டு மரியாதையான குரலில் பிரெஞ்சில் ஏதோ கேட்டார். மனைவிக்கு விளங்கவில்லை. “அக்கா, நான்” என்றாள். மச்சாள் சிரித்துக்கொண்டு திரும்பவும் பிரெஞ்சிலேயே கேட்டார்.

“என்ன பிள்ளை சொல்லுறா?” என்று மனைவி பெறாமகளைக் கேட்டாள்.

பெறாமகள் கொஞ்சம் தயங்கினாள். “ஆர் இந்த மனுசி, வடிவா இருக்கிறா எண்டு கேக்கிறா, சின்னம்மா. இப்ப ரெண்டு மூண்டு கிழமையா இப்பிடித்தான்.”

மனைவி முகத்தைத் திரையோடு இன்னும் கிட்டக் கொண்டுபோனாள். கதைக்க ஒன்றும் இல்லாததால் அழைப்பு நெடுக நீளவில்லை. அன்று தேத்தண்ணி குடிக்கும்போது, “வடிவான மனுசியாம்,” என்று என்னிடம் சொல்லிச் சிரித்தாள். இரண்டு மூன்று கிழமை என்றால் பூசைக்குப் பிறகுதான்.

அடுத்த நாள் காலை குசினிக்குப் போனேன். அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். வாசலில் நின்றபடி எல்லாவற்றையும் சொன்னேன். உறை, சூடு, கொடியில் ஆடியது, கதவைச் சாத்தியது. துருவுகிற சத்தம் நின்றது.

“எப்ப தெரியும் உங்களுக்கு?”

“சரஸ்வதி பூசையண்டு.”

“பூசைக்குப் பிறகும் அக்கா என்னைக் கேட்டவ.”

“ஓம்.”

“அடுத்த கிழமையும் கேட்டவ. கோவமோ எண்டு.”

“ஓம். கேட்டது எனக்கும் கேட்டது.”

அவள் கொஞ்ச நேரம் என் பக்கம் திரும்பி இருந்தாள். அவளுடைய பார்வை நேராக விழாததால், என்னைப் பார்க்கிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு, “தள்ளி நில்லுங்கோ. வெளிச்சத்தை மறைக்கிறீங்கள்,” என்றாள். திரும்பவும் துருவத் தொடங்கினாள்.

மன்னிப்புக் கேட்க நான் வாய் எடுத்தபோதெல்லாம் அவள் ஏதாவது வேலையைச் சொன்னாள். அந்தக் கிழமை முழுவதும் வீட்டில் குறைவில்லாமல் சமையல் நடந்தது. கதை மட்டும் தேவைக்குத்தான்.

ஞாயிற்றுக்கிழமை வந்தபோது அவள் போகமாட்டாள் என்று நினைத்தேன். போய் இருந்தாள். திரையில் மச்சாள் வந்தார், முன்போலவே அந்நியரைப் பார்ப்பது போலப் பார்த்தார். மனைவியின் முகம் பாதி இருட்டாக விழுவதைக் கண்டு, மேலே இருந்த சின்னக் கமராவைத் திருப்பலாம் என்று நான் குனிந்தேன். என் முகம் திரைக்குள் வந்தது.

“மாஸ்டர்,” என்றார் மச்சாள்.

அவர் தமிழில் தொடர்ந்தார்.

“மெலிஞ்சுபோனீர் மாஸ்டர். எங்க என்ர தங்கச்சி? கன நாளாக் காணேல்லை.”

தங்கச்சி திரைக்கு முன்னால்தான் இருந்தாள். மனைவி மெல்ல எழும்பினாள். என் தோளைப் பிடித்து அழுத்தித் தன் கதிரையில் என்னை இருத்தினாள். அந்தக் கிழமையில் அவள் என்னைத் தொட்டது அப்போதுதான்.

“நிக்கிறா எண்டு சொல்லுங்கோ,” என்றாள் என் பின்னால் நின்று.

“நிக்கிறா மச்சாள்.”

“என்னோட கோவமோ?”

“இல்லையாம்,” என்று மனைவி சொன்னாள். நான் அதைச் சொன்னேன்.

“வரச்சொல்லும் அவளை. தலை இழுத்துவிட ஆருமில்லை அவளுக்கு. சாப்பிட்டவளோ?”

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் கதிரையில் இருப்பது நான். வேறு யாரைக் கண்டாலும் மச்சாளுக்குத் தமிழ் வருவதில்லை. பெறாமகளிடம்கூடப் பாதி பிரெஞ்சுதான். என்னைக் கண்டால் மட்டும் இறுப்பிட்டிக் கதை முழுவதும் வருகிறது. அது ஏன் என்று அங்குள்ள வைத்தியர்களுக்கும் சொல்லத் தெரியவில்லை. அந்த முகத்துக்கு முன்னால் இருக்கிற தகுதி எனக்கு இல்லை என்று ஒருநாள் மனைவியிடம் சொன்னேன். தகுதியைப் பற்றித் தான் கேட்கவில்லை என்றாள். நான் எழும்பினால் அக்கா பிரெஞ்சுக்குப் போய்விடுவா, ஆகையால் எழும்ப ஏலாது என்றாள்.

அவள் என் கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். மச்சாள் சொல்வது அவள் காதில் நேரே விழுகிறது. அவள் சொல்வது என் வாயால்தான் அங்கே போகிறது. போன கிழமையும் மச்சாள் என்னை உற்றுப் பார்த்தார்.

“அவளை வடிவாப் பாக்கிறீரோ, மாஸ்டர்?”

இதற்கு மனைவி பின்னாலிருந்து ஒன்றும் சொல்லித்தரவில்லை. நான் காத்திருந்தேன். திரையில் மச்சாளும் காத்திருந்தார்.

“இல்லை மச்சாள்,” என்றேன். “இனிப் பாப்பன்.”

“பாரும்,” என்றார் அவர். பிறகு, கிணற்றில் தண்ணீர் நிற்கிறதா என்று கேட்டார். மனைவி குனிந்து அதற்கான பதிலை என் காதுக்குள் சொன்னாள்.